பறிபோன முரசு

ஒரு ஜன சமூகத்தை அடிமைப்படுத்த விரும்புகிறவன் முதலில் அதன் ஆயுதங்களைப் பறிக்கிறான். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஆயுதத்தைப் பறித்த பிறகும் அவனுக்கு நித்திரை வருவதில்லை. அடிமைகள் ஓரிடத்தில் கூடிப் பாடினால் அவனுக்குப் பயம்; கூத்தாடினால் பயம்; முரசு கொட்டினாலோ பெரும் பயம். இது வெறும் வர்ணனையன்று. சட்டப் புஸ்தகத்தில் ஏறிய சரித்திரம்.

1739-ம் வருஷம் செப்டம்பர் மாதம், அப்பொழுது பிரிட்டிஷ் குடியேற்றமாயிருந்த வட அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ நதிப் பக்கத்து ஆப்பிரிக்க அடிமைகள் கலகம் செய்தார்கள். கொடி பிடித்து, முரசறைந்து, விடுதலையை நோக்கி நடந்தார்கள். அன்றே அவர்களில் பலர் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். மறு வருஷம், 1740-ல், அக்குடியேற்றத்தின் சட்ட சபை அடிமைகளைக் கட்டுப்படுத்த ஒரு கொடிய சட்டம் செய்தது. அடிமைகள் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்றது அச்சட்டம். முரசும் கொம்பும் வைத்திருக்கலாகாது என்றும் சேர்த்துச் சொல்லிற்று. துப்பாக்கியோடு ஒரே பந்தியில் முரசையும் உட்கார வைத்த அந்தப் பிரபுக்கள், முரசின் சக்தியை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

இச்சட்டத்துக்கு இருநூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வாலிபன் கல்வி கற்பதற்காக அமெரிக்காவின் தென் மாகாணமொன்றில் வந்து இறங்கினான். முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்ட முரசை அவர்களுடைய சந்ததிகளின் கையில் திரும்பக் கொண்டு வந்து வைக்கும் வேலை தன்னுடையதாகப் போகிறது என்பதை அவன் அன்று அறியமாட்டான். அவன் பெயர் மைக்கேல் பாபாதுண்டே ஒலதுஞ்ஜி. 2027-ம் வருஷத்தோடு அவர் பிறந்து நூறாண்டு நிறைகிறது. உலகம் அவரை ஓர் இசைத்தட்டின் பெயரால் அறிந்திருக்கிறது. நாமோ அவரை ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரால் நினைவுகூர விரும்புகிறோம். ஏன் என்பதை இக்கட்டுரையின் முடிவில் நேயர்களே தீர்மானிக்கலாம்.

அடிமைத் துறைமுகத்தின் அருகே

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்தின் தென்மேற்கு மூலையில், கடலோடு ஒட்டிய காயலின் கரையில், பாதாக்ரி என்ற பழைய பட்டணம் இருக்கிறது. அடிமை வியாபாரம் கொழுத்திருந்த நாட்களில் அது ஒரு பெரிய துறைமுகம். விலங்கு பூட்டப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அங்கிருந்து கப்பலேற்றப்பட்டு, அட்லாண்டிக் மகா சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கடைசியாக மிதித்துச் சென்ற கரையைத் ‘திரும்பி வராத இடம்’ என்று இன்றும் அங்கே காட்டுகிறார்கள்.

அப்பட்டணத்துக்குச் சமீபத்தில் அஜிடோ என்று ஒரு மீனவர் கிராமம். 1927-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 7-ந் தேதி ஒலதுஞ்ஜி அங்கே பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் தந்தை காலமாகிவிட்டார். தந்தை இறந்த பின் பிறந்த ஆண் மகவுக்கு யொருபா பாஷை பேசுவோர் ‘பாபாதுண்டே’ என்று பெயரிடுவது வழக்கம். ‘தந்தை திரும்பி வந்தார்’ என்பது அதன் பொருள். தந்தையார் கிராமத் தலைமைக்கு உரியவராயிருந்தபடியால், அந்த ஸ்தானத்துக்கு மகனையே தயார் செய்தார்கள் உறவினர். பையனுக்கோ பன்னிரண்டு வயதிலேயே அதில் மனம் செல்லவில்லை. அவனுடைய மனமெல்லாம் முரசின் பக்கம் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. யொருபா மக்களிடையே முரசு என்பது வெறும் தாள வாத்தியமன்று. அவர்களுடைய பாஷையில் ஒரே சொல்லை மேல், நடு, கீழ் என்ற மூன்று சுருதிகளில் சொன்னால் மூன்று வெவ்வேறு பொருள் தரும். நமது உடுக்கையைப் போல இடை சிறுத்த ‘துந்துன்’ என்ற முரசைக் கக்கத்தில் இடுக்கி, அதன் வார்களை இறுக்கியும் தளர்த்தியும், ஒரு வளைந்த கோலால் அடித்து, அந்த மூன்று சுருதிகளையும் எழுப்புகிறார்கள். அப்பொழுது முரசு பழமொழி சொல்லும். அரசனுடைய வம்சாவளி சொல்லும். வருகிறவனைப் பெயர் சொல்லி அழைத்து வாழ்த்தவும் செய்யும். சமயத்தில் பரிகாசமும் செய்யும். பேசும் முரசு என்று அதற்குப் பெயர் வந்தது இதனாலேதான். இவ்வித்தை அங்கே பரம்பரை வித்தை. அயன் என்னும் முரசுத் தெய்வத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு அது இறங்கி வருவது. ஒலதுஞ்ஜி அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவரல்லர். திருவிழாவிலும் கல்யாணத்திலும் சாவிலும் முரசு பேசியதைக் கேட்டுக் கேட்டுக் கற்றவர். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னால் இது பெரிய கேள்வியாக வரப் போகிறது.

அட்லாண்டாவில் கண்ட ஆப்பிரிக்கா

லாகோஸ் நகரில் பாப்டிஸ்ட் அகாடமியில் வாசித்து முடித்த ஒலதுஞ்ஜி, ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையின் பிரதியொன்றில், ரோட்டரி சங்கத்தார் அயல்நாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் செய்தியைப் படித்தார். விண்ணப்பம் செய்தார், பெற்றார். 1950-ம் வருஷம் ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் உள்ள மோர்ஹவுஸ் காலேஜில் சேர்ந்தார். கறுப்பு இன வாலிபர்களுக்காக ஏற்பட்ட கீர்த்தி பெற்ற கலாசாலை அது. மார்ட்டின் லூதர் கிங் அங்கே படித்து 1948-ல் பட்டம் பெற்று வெளியேறியவர். ஒலதுஞ்ஜி வந்ததோ சங்கீதத்துக்காக அன்று. ராஜதந்திரியாகித் தேசத்துக்கு ஊழியம் செய்ய வேண்டுமென்பது அவருடைய நோக்கம்.

ஆனால் காலேஜில் அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. வெள்ளையர்கள் ஆப்பிரிக்காவை அறியாதிருந்தது அவருக்கு ஆச்சரியமில்லை. ஆப்பிரிக்க ரத்தமே ஓடும் சக மாணவர்களும் ஆப்பிரிக்காவைப் பற்றி டார்ஜான் சினிமாவில் பார்த்ததற்கு மேல் ஒன்றும் அறியாதிருந்தார்கள். உங்கள் ஊரில் வீதிகளில் சிங்கம் உலாவுமா என்று அவரைக் கேட்டார்கள். மரத்தின் மேல் வசிக்கிறீர்களா என்று கேட்டார்கள். தம்முடைய தாய் நாட்டைக் குறித்து வெட்கப்படுமாறு ஒரு ஜன சமூகத்தைப் பழக்கிவிட்டால், அப்புறம் விலங்கு அவசியமில்லை. இதை ஒலதுஞ்ஜி அன்று கண்டுகொண்டார். கோபிப்பதற்குப் பதிலாக, அந்த மாணவர்கள் கேட்டு ஆடிய ஜாஸ், புளூஸ் பாட்டுக்களிலுள்ள தாளத்தையே எடுத்து, இது எங்கள் ஊர்த் தாளம்; கடல் கடந்து உங்களோடு வந்தது; நீங்கள் மறந்தாலும் உங்கள் கால் மறக்கவில்லை என்று அவர்களுக்கு அடித்துக் காட்டினார். காலேஜ் விழாக்களில் ஆப்பிரிக்கப் பாட்டும் கூத்தும் நடத்தலானார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பாடத்தின் விரிவுரையே.

இன்னொரு பாடத்தையும் தென் மாகாணம் அவருக்குக் கற்பித்தது. அந்நாளில் அங்கே பஸ் வண்டிகளில் கறுப்பு இனத்தார் பின்புறந்தான் உட்கார வேண்டும். ரோஸா பார்க்ஸ் அம்மையார் மாண்ட்கமரி நகரில் எழுந்திருக்க மறுத்த 1955-ம் வருஷத்துக்கு மூன்று வருஷம் முந்தியே ஒலதுஞ்ஜியும் சில மாணவர்களும் ஒரு பரீட்சை செய்து பார்த்ததாக அவருடைய சரித்திரம் கூறுகிறது. ஆப்பிரிக்க உடையோடு வண்டியில் ஏறி முன்புறம் அமர்ந்தார்கள். அயல் தேசத்தார் என்று எண்ணி ஒருவரும் தடுக்கவில்லை. பிறகு அதே மாணவர்கள் அமெரிக்க உடையில் ஏறிய பொழுது அந்த மரியாதை மறைந்துபோயிற்று. தோல் ஒன்றே, மனிதரும் அவர்களே, உடை மட்டும் மாறிற்று. நிற வேற்றுமைச் சட்டம் எத்தகைய மூடத்தனத்தின் மீது கட்டப்பட்டிருந்தது என்பதை ஆயிரம் பிரசங்கங்களைவிட இந்த ஒரு பரீட்சை விளக்கிவிடுகிறது.

இசைத்தட்டும் கீர்த்தியும்

1954-ல் மோர்ஹவுஸில் பட்டம் பெற்ற ஒலதுஞ்ஜி, நியூயார்க் ஸர்வகலாசாலையில் பொது நிர்வாக சாஸ்திரம் பயிலச் சென்றார். படிப்புச் செலவுக்காகச் சிலரைச் சேர்த்து ஒரு முரசுக் கோஷ்டி அமைத்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சென்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசினார். வயிற்றுப் பாட்டுக்காக ஆரம்பித்த வேலை வாழ்க்கைத் தொழிலாயிற்று. 1958-ம் வருஷம் டிசம்பர் மாதம் கானா தேசத்து அக்ரா நகரில் க்வாமே இன்க்ருமா கூட்டிய அகில ஆப்பிரிக்க ஜனங்களின் மகாநாட்டுக்கு, அமெரிக்காவிலுள்ள ஆப்பிரிக்க மாணவர்களின் பிரதிநிதியாக அவர் சென்று வந்தார். அவருடைய முரசுக்கும் ஆப்பிரிக்க சுதந்திர இயக்கத்துக்கும் இருந்த சம்பந்தம் பின்னால் சிலர் கற்பித்துக்கொண்டதன்று என்பதற்கு இதுவே சான்று.

நியூயார்க்கின் ரேடியோ ஸிட்டி மாளிகையில் பெரிய வாத்திய கோஷ்டியோடு அவர் வாசித்ததைக் கேட்ட கொலம்பியா கிராமபோன் கம்பெனியார் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1959-ல் பதிவாகி, 1960-ல் வெளிவந்தது ‘டிரம்ஸ் ஆஃப் பாஷன்’ என்ற இசைத்தட்டு. இடி தெய்வமாகிய ஷாங்கோவுக்கு ஒரு துதி, புது வருஷப் பிறப்புக்கு ஒரு பாட்டு, நைஜீரியாவில் ரயில் வந்த புதிதில் வண்டியோட்டத்தில் பேர் பெற்ற அகிவோவோ என்பவரைப் பற்றி ஒரு பாட்டு என்றிப்படி எட்டுப் பாட்டுக்கள் அதில் அடங்கியிருந்தன. கோஷ்டியில் பாடியவர்களிலும் வாசித்தவர்களிலும் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரல்லர். அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் பிறந்த, ஆப்பிரிக்க வம்சத்தார். பறிகொடுத்தவர்களின் சந்ததியே திரும்பக் கற்றுக்கொண்டு பாடிய பாட்டு என்பதுதான் அந்தத் தட்டின் விசேஷம். ஐம்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் புஸ்தகசாலை, தேசம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் ஜாபிதாவில் 2004-ம் வருஷத் தேர்வில் அதைச் சேர்த்துக்கொண்டது.

அத்தட்டு வெளிவந்த வருஷத்தையும் நோக்க வேண்டும். 1960-ம் வருஷத்தில் மாத்திரம் ஆப்பிரிக்காவில் 17 தேசங்கள் சுதந்திரம் பெற்றன. அக்டோபர் முதல் தேதி நைஜீரியாவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிற்று. அதே வருஷம் மார்ச்சு 21-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் ஷார்ப்வில் என்ற ஊரில், பாஸ் சட்டத்தை எதிர்த்து நிராயுதபாணிகளாய்க் கூடிய ஜனங்களின் மீது போலீஸார் சுட்டு 69 பேரைக் கொன்றார்கள். அவ்வாண்டில் ஜாஸ் வித்வான் மாக்ஸ் ரோச், சுதந்திரத்தை இப்பொழுதே தருக என்று கேட்கும் தம் பிரசித்தி பெற்ற இசைத்தொகுதியைப் பதிவு செய்த பொழுது, ஆப்பிரிக்காவைப் பற்றியும் ஜோஹானஸ்பர்க்கின் கண்ணீரைப் பற்றியும் அமைந்த பகுதிகளில் ஒலதுஞ்ஜியின் முரசு சேர்ந்து ஒலித்தது. அமெரிக்காவின் உரிமைப் போரும் ஆப்பிரிக்காவின் சுதந்திரப் போரும் ஒன்றே என்பதைச் சொல்ல வேறு வியாக்கியானம் தேவையில்லை. மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் ஆகிய இருவரோடும் அவருக்குப் பழக்கமுண்டு. அவ்விருவரின் வழிகள் வேறு. இருவருக்கும் முரசு பொது.

இனி, கீர்த்தியின் மறுபுறத்தைப் பார்ப்போம். 1964-ல் பிரான்ஸ் தேசத்து ஸெர்ஜ் கெய்ன்ஸ்பூர் என்ற புகழ் பெற்ற பாடகர் வெளியிட்ட தட்டு ஒன்றில், ஒலதுஞ்ஜியின் இசைத்தட்டிலிருந்து மூன்று பாட்டுக்களை எடுத்து, பிரெஞ்சுச் சொற்களைப் பொருத்தி, தம் பெயரையே போட்டுக்கொண்டார். மூலகர்த்தாவின் பெயர் அதில் இல்லை. வழக்கு வந்து, நெடுங்காலத்துக்குப் பின்னரே ஒலதுஞ்ஜியின் பெயர் சேர்க்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து பொன்னையும் தந்தத்தையும் ரப்பரையும் மனிதரையும் எடுத்துச் சென்றவர்களுக்குத் தாளத்தை எடுத்துச் செல்வது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாமலிருந்திருக்கலாம். நாட்டுப் பாட்டுத்தானே, யாருடையதாயிருந்தால் என்ன என்பது இவர்களுடைய நியாயம். சேர்த்து அமைத்துப் பழக்கிப் பாடியவனுக்கு அது நியாயமாகாது. கார்லோஸ் ஸந்தானாவின் கோஷ்டியார் 1969-ல் வெளியிட்ட முதல் தட்டில் ஒலதுஞ்ஜியின் ‘ஜின்கோலோபா’வைப் பாடினார்கள். அது உலகமெங்கும் பரவிற்று. அந்தப் பாட்டைக் கேட்டு ஆடியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்காவது அஜிடோ கிராமத்தின் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஹார்லெம் பள்ளிக்கூடம்

பணமும் பெயரும் வந்தவுடன் பெரும்பாலான கலைஞர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒலதுஞ்ஜி செய்தது வேறு. 1964, 1965-ம் வருஷங்களில் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியின் ஆப்பிரிக்க மண்டபத்தில் தம் கோஷ்டியோடு வாசித்துப் பெயர் பெற்ற அவர், அதையடுத்து, கறுப்பு இன மக்கள் நெருங்கி வாழும் ஹார்லெம் பகுதியில், 125-வது தெருவில், ‘ஒலதுஞ்ஜி ஆப்பிரிக்கக் கலாசார நிலையம்’ என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். முரசும் ஆட்டமும் பாஷையும் சரித்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஏழைப் பிள்ளைகள் கொடுக்கக்கூடிய சொற்பக் கட்டணமே வாங்கப்பட்டது. பரம்பரைக்கு மாத்திரமே உரியதாய் இருந்த வித்தையை, வந்தவர்க்கெல்லாம் வரிசையாய் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

இம்முயற்சியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் ஜாஸ் உலகின் மகா வித்வான் ஜான் கோல்ட்ரேன். ஆப்பிரிக்க சங்கீதத்தின் வேரைத் தேடிச் சென்ற கோல்ட்ரேன், ஒலதுஞ்ஜியிடம் கொண்ட மதிப்பால் 1962-லேயே ‘துஞ்ஜி’ என்று அவர் பெயரால் ஒரு கிருதி செய்து பதிவு செய்திருந்தார். நிலையத்துக்குப் பொருளுதவியும் செய்தார். 1967-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி அந்நிலையத்திலேயே வந்து கச்சேரி செய்தார். உடம்பில் கொடிய நோய் முற்றியிருந்த சமயம் அது. மூன்று மாதங்கூடக் கழியவில்லை. ஜூலை 17-ந் தேதி அவர் 40 வயதில் காலமானார். அன்றைய கச்சேரியின் ஒலிப்பதிவு 2001-ல் இசைத்தட்டாக வெளிவந்தது. பெரிய மாளிகைகளெல்லாம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த ஒரு வித்வான், தம்முடைய கடைசிக் கச்சேரிகளில் ஒன்றை ஒரு பேட்டைப் பள்ளிக்கூடத்தின் கூடத்தில் நடத்தினார் என்றால், அப்பள்ளிக்கூடத்தின் பெருமைக்கு வேறு அத்தாட்சி எதற்கு?

கோல்ட்ரேனும், யூஸெஃப் லதீஃப் என்ற மற்றொரு வித்வானும், ஒலதுஞ்ஜியும் சேர்ந்து ஒரு திட்டமும் போட்டிருந்தார்கள். கச்சேரி ஏற்பாட்டாளர்களின் தயவை எதிர்பாராமல், தங்கள் கச்சேரிகளைத் தாங்களே நடத்தி, வரும்படியைத் தங்கள் கலைக்கும் தங்கள் சமூகத்துக்கும் திருப்புவது என்பது அதன் சாரம். கோல்ட்ரேனின் மரணத்தோடு அது நின்றுபோயிற்று.

நிலையம் நின்றுவிடவில்லை. ஆனால் எந்நாளும் பணமுடை. வாடகை பாக்கி நிற்கும்; உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுக்க முரசைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். கொலம்பியா கம்பெனியாருடைய ஒப்பந்தமும் 1960-களின் நடுவோடு முடிந்தது. அங்கே இங்கே கிடைத்த மானியங்கள் தண்ணீர் வற்றிய வாய்க்காலைப் போல ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. இவ்வளவுக்குமிடையே சுமார் இருபது வருஷ காலம் பள்ளி நடந்தது. 1980-களில் மூடப்பட்டது. லட்சோப லட்சம் தட்டுக்கள் விற்றவருடைய பள்ளிக்கூடம் பணமில்லாமல் மூடப்பட்டது என்றால், அது அவருடைய தோல்வியா, அவருடைய தாளத்தை அனுபவித்த உலகத்தின் தோல்வியா?

யாருடைய முரசு?

பள்ளி மூடிய பின்னும் உபாத்தியாயர் ஓயவில்லை. கலிபோர்னியாவில் எஸலன் ஆசிரமம் போன்ற இடங்களில் வருஷந்தோறும் வகுப்புக்கள் நடத்தினார். அவருடைய போதனா முறை மிகவும் எளியது. முரசின் நடுவில் உள்ளங்கையால் அடித்தால் வலக்கைக்குக் ‘கன்’, இடக்கைக்கு ‘தன்’; விளிம்பில் விரல்களால் அடித்தால் ‘கோ’, ‘தோ’; விரல்களைச் சுண்டி அறைந்தால் ‘பா’, ‘தா’. இந்த ஆறு அசைகளை வாயால் சொல்லத் தெரிந்தவன் கையால் வாசிக்கக் கற்றுக்கொள்வான். எழுத்து வேண்டாம், ஸ்வரக் குறிப்பு வேண்டாம். காதும் வாயும் கையும் போதும். வட்டமாக அமர்ந்து பலர் கூடி முரசு கொட்டும் வழக்கம் அமெரிக்காவில் பரவியதற்கு அவர் முக்கியமான காரணம். மரத்தின் ஆவி ஒன்று, தோலைத் தந்த பிராணியின் ஆவி ஒன்று, வாசிக்கிறவனுடைய ஆவி ஒன்று. இம்மூன்றும் சேர்ந்தாலே முரசு பேசும் என்பது அவர் மாணவர்களுக்குச் சொல்லி வந்த தத்துவம்.

இங்கேதான் முன்னே சொன்ன கேள்வி எழுகிறது. அவரை ஆக்ஷேபித்தவர்கள் இரு திறத்தார். ஒரு சாரார், இவர் பரம்பரை முரசுக்காரரல்லர்; இவருடைய கோஷ்டியில் பல தேசத்து முரசுகளும் பல தேசத்து அடிகளும் கலந்திருக்கின்றன; இது சுத்தமான யொருபா சங்கீதமாகாது என்றார்கள். மற்றொரு சாரார், முரசு எங்கள் முன்னோர் ரத்தம் சிந்திப் பறிகொடுத்தது. அதை வசதியுள்ள வெள்ளையர்களுக்கு வாராந்தர விநோதமாகக் கற்றுக் கொடுப்பது தகுமா என்று கேட்டார்கள்.

இரண்டு ஆக்ஷேபங்களையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. பரம்பரையாக வந்த வித்தையில் ஒரு நுட்பமிருக்கிறது; பத்து நாள் வகுப்பில் அது வந்துவிடாது. வட்டத்தில் உட்கார்ந்து கை போன போக்கில் தட்டுகிறவன், பேசும் முரசின் பாஷையில் ஒரு சொல்லும் அறியமாட்டான். இதெல்லாம் உண்மை. ஆயினும், முதல் சாராரை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். கடல் கடந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள் எந்தக் கிராமத்தவர், எந்தப் பாஷையினர் என்பதே அழிக்கப்பட்ட பிறகு, அவர்களுடைய சந்ததிகள் எந்தப் பரம்பரையைச் சொல்லி எந்த ஆசானிடம் போக முடியும்? வம்சாவளியை இழந்தவனிடம் வம்சாவளியைக் காட்டு என்பது, வீட்டை இழந்தவனிடம் விலாசம் கேட்பது போலாகும். அவர்களுக்கு வேண்டியிருந்தது கலப்பற்ற ஒரு கிராமத்து வித்தையன்று. ஆப்பிரிக்கா என்ற பெயரை வெட்கமின்றிச் சொல்ல ஒரு வாசல். ஒலதுஞ்ஜி அந்த வாசலைத் திறந்தார்.

இரண்டாவது ஆக்ஷேபத்துக்கு அவருடைய வாழ்க்கையே பதில். முதலில் அவர் பள்ளி வைத்தது ஹார்லெமில். செல்வர்களின் பேட்டையில் அன்று. அப்பள்ளியைத் தாங்க அச்சமூகத்திடம் பணமில்லை, பணமுள்ள சமூகத்துக்கு மனமில்லை. வயோதிகத்தில் அவர் எங்கே கூப்பிட்டார்களோ அங்கே போனார். ஒலதுஞ்ஜி எல்லோருக்கும் கொடுத்தார் என்று குறை கூறுகிறவர்கள், அவர் முதலில் கொடுத்த இடத்தில் அந்தப் பாத்திரத்தை ஏந்தி நிற்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடமும் முரசும் கூடிய பொழுது

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் கோஷ்டியின் தாள வித்வான் மிக்கி ஹார்ட், ஒலதுஞ்ஜியின் அந்திம காலத்தில் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தினார். உலகத்துத் தாள வித்வான்களைக் கூட்டி அவர் அமைத்த ‘பிளானட் டிரம்’ என்னும் இசைத்தட்டு 1991-ல் வெளிவந்தது. அதில் ஒலதுஞ்ஜியோடு, நைஜீரியாவின் பேசும் முரசு வித்வான் ஸிகிரு அடெபோஜுவும், பிரேஸில் தேசத்து ஐர்டோ மொரேராவும், தபலா மேதை ஜாகீர் உசேனும், நம் தமிழ் நாட்டுக் கட வித்வான் விக்கு விநாயகராமும் வாசித்தார்கள். உலக சங்கீதத்துக்கென்று அமெரிக்காவில் புதிதாக ஏற்பட்ட கிராமி பரிசு 1992-ல் முதன்முதலாக அளிக்கப்பட்ட பொழுது, அந்தத் தட்டுக்கே கிடைத்தது. சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் வாசிக்கப் பழகிய நம் நாட்டு வித்வானும், ‘கன் தன் கோ தோ’ சொல்லிக் கொடுத்த ஆப்பிரிக்க வித்வானும் ஒரே மேடையில் அமர்ந்த பொழுது அவர்களுக்கு நடுவில் துபாஷி தேவைப்பட்டிருக்க நியாயமில்லை.

ஒலதுஞ்ஜி நீரிழிவு நோயால் வெகுநாள் வருந்தி, 2003-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி கலிபோர்னியாவிலுள்ள ஸலினாஸ் நகரில் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 76 வயது நிறைந்திருக்கும். அவருடைய சுயசரிதை அவர் மறைவுக்குப் பின் 2005-ல் வெளிவந்தது.

முடிவுரை

இவர் வாழ்க்கையிலிருந்து தெரிய வருவது என்ன? முரசைத் தடுத்த 1740-ம் வருஷத்துச் சட்டம் மண்ணாகிவிட்டது. சட்டத்தால் கலையைக் கொல்ல முயன்றவர்கள் தோற்றார்கள். ஆனால் சட்டத்தைவிடச் சூக்ஷ்மமான கொலைகாரர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவன், கலையைப் பெயரின்றித் திருடுகிறவன். மற்றவன், கலையை ரசித்துக் கைதட்டிவிட்டு, அதைச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காசும் கொடாமல் வீட்டுக்குப் போகிறவன். முதலாமவனை நீதி ஸ்தலத்துக்கு இழுக்கலாம். ஒலதுஞ்ஜியின் பாட்டு விஷயத்தில் பின்னால் பெயர் சேர்க்கப்பட்டது போல, எப்பொழுதாவது பரிகாரம் கிடைக்கும். இரண்டாமவன் மீது வழக்குப் போட எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை. ஏனெனில் அவன் குற்றவாளியாகத் தோற்றமளிப்பதில்லை, ரஸிகனாகத் தோற்றமளிக்கிறான்.

கலைஞனைக் கௌரவிப்பது என்றால் அவனுக்கு மாலையிடுவதும் சிலை வைப்பதும் என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். மாலை வாடும், சிலைக்குச் செவி இல்லை. அவன் ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதே கௌரவம். கோல்ட்ரேன் அதைச் செய்தார். உயிர் போகிற சமயத்தில் தம் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். அவரைப் போல நூறு பேர் இருந்திருந்தால் 125-வது தெருவில் அந்தக் கதவு அடைபட்டிராது.

ஆனாலும் அந்தப் பள்ளியில் கை பழகிய பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ‘திரும்பி வராத இடம்’ என்று பெயர் பெற்ற கரையிலிருந்து சென்றவர்கள் திரும்பி வரவில்லை, அது உண்மையே. அவர்களுடைய முரசு அவர்களைத் தேடிக்கொண்டு போயிற்று. கொண்டு போனவருக்குத் ‘தந்தை திரும்பி வந்தார்’ என்று பெயர் வாய்த்திருந்தது எவ்வளவு பொருத்தம்!